சுவாமிமாருக்கு மட்டும்

லா சப்பல், வெள்ளிக்கிழமை

தம்பிக்கு,

நேற்று நீ போனில் அழுதபோது நான் போனை வைத்துவிட்டேன். இன்னும் பேசியிருந்தால் திட்டியிருப்பேன். இப்போது திட்டுகிறேன்.

கத்தோலிக்க மிஷன் சுவாமிமாருக்கு மருத்துவம் பார்க்க நீ அந்தத் தீவுக்குப் போனபோது, இங்கே எங்கள் தமிழ்க் கடைத்தெருவில் கடை கடையாகப் பெருமையடித்தவள் நான். இன்று கடையில் ஞானமலர் அக்கா, "தம்பி எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டார். "ஓம், சுகமாய் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, எடுத்த மரக்கறியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மலேரியாக் காய்ச்சலில் கிடந்த மகளைத் தூக்கிவந்த மீனவனிடம் "மருந்து இல்லை" என்று சொல்லியிருக்கிறாய். உன் அலுமாரியில் பன்னிரண்டு பெட்டி இருந்தது. கேட்டால், "அது சுவாமிமாருக்கு மட்டும் அக்கா, அடுத்த கப்பல் வர ரெண்டு மாதம், பெரிய சுவாமியின்ரை கட்டளை" என்கிறாய். அவர்களில் ஒருவருக்கும் காய்ச்சலே இல்லையேடா! பிள்ளை மூன்றாம் நாள் செத்துப்போனாள். எட்டு வயது.

அதே பெரிய சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாயாம். அவரும் மன்னித்துவிட்டாராம். மன்னிக்க அவர் யார்?

அந்தத் தகப்பனிடம் போ. மருந்து இருந்தது என்று சொல். அடித்தால் வாங்கிக்கொள். அதுவரை எனக்குப் போன் எடுக்காதே.

உன் அக்கா