பச்சைப் பீப்பாயில் விழாத கோலிகள்

அன்பு மகள் சிராவுக்கு,

அப்பா எழுதுவது. இறைவன் காவலில் நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். போனில் நீ எதைக் கேட்டாலும் நான் கடலை விளைச்சலைப் பற்றியே பேசினேன் என்று கோபித்துக்கொண்டாய். நடுவில் யார் கேட்கிறார்களோ என்ற பயம்தான், சிராம்மா. செனகலுக்குப் போகும் மீன்காரர் ஒருவர் அங்கே தபாலில் சேர்ப்பதாகச் சொன்னதால் இப்போது எழுதுகிறேன்.

எதிர்வீட்டு ஹவாவின் புருஷன் பக்காரியை, நமக்கு ரொட்டி சுட்டுத் தருவானே, அவனைப் போலீஸ்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தேர்தலை ஒழுங்காக நடத்தச் சொல்லித் தலைநகரில் நின்ற கூட்டத்தில் அவனும் நின்றானாம், அவ்வளவுதான். ஹவா நேராக உன் அம்மாவிடம் வந்து, "ஜைனபாக்கா, உங்க பேச்சுக்கு அங்க மதிப்பிருக்கு, அவர் உயிரோட இருக்காரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்று அழுதாள். உன் அம்மாவும் நம்பித்தான் போனாள். நீ நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் ஆளுங்கட்சியின் மகளிர் தலைவி, பச்சைத் துணி கட்டி ஆடாத கூட்டம் உண்டா, அத்தனை கூட்டத்துக்கும் வேன் ஓட்டியவன் நான். ஆனால் வட்டாரத் தலைவர் தெம்பா உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். "அந்தப் பேரை இனிமே எடுக்காதே. வெள்ளிக்கிழமை ஜனாதிபதி, நம்ம பெரியவர் வர்றார், பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து ஆடுற வேலையைப் பாரு" என்றாராம். வீட்டுக்கு வந்து மீன்சோற்றை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, "ஒருத்தன் செத்தானா பொழைச்சானான்னு கேக்கக்கூடவா எனக்கு உரிமை கிடையாது?" என்று மட்டும் கேட்டாள். பச்சைக்கு ஓட்டு விழாததற்கு அரிசி விலை, வேலையில்லாமல் கடல் தாண்டும் பிள்ளைகள் என்று வெளியே ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். அதெல்லாம் எத்தனையோ வருஷமாக இருந்ததுதானே, அப்போதும் பச்சைக்கே போட்டோம். வெள்ளிக்கிழமை அவள் எப்போதும் போலவே ஆடினாள். வேனிலிருந்து பார்த்த எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஓட்டு நாளில் திரைக்குப் பின்னால் போய், சீட்டுக்குப் பதில் தரும் அந்த ஒற்றைக் கோலியைக் கட்சி நிறம் பூசிய பீப்பாயில் போட்டோம். எந்தப் பீப்பாயில் போட்டாலும் உள்ளே இருக்கும் மணி ஒரே மாதிரிதான் அடிக்கிறது. சாயங்காலம் பள்ளிக்கூடத்திலேயே எல்லார் கண்முன்னும் தட்டுகளில் கொட்டி எண்ணினார்கள். பச்சைப் பீப்பாயின் தட்டு பாதிகூட நிறையவில்லை, எதிர்க்கட்சித் தட்டோ வழிந்தது. பச்சைத் துணி கட்டிய பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், சிராம்மா. தான் மட்டும்தான் வேறு பீப்பாயில் போட்டதாக ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை, பயந்துபோய் நின்றார்கள்.

பயந்தது போலவே ஆயிற்று. தோல்வியை ஒப்புக்கொண்ட பெரியவர் பேச்சை மாற்றி, பதவியை விடமாட்டேன் என்றார். படகுத்துறையில் ராணுவம் நின்றது, நம் தெருவில் பாதிப்பேர் மூட்டை கட்டி எல்லை தாண்டினார்கள். தெம்பா வாசலில் நின்று, "உன் பொம்பளைங்க எங்கிட்ட ஆடிட்டு எவனுக்குடி போட்டாளுங்க?" என்று கத்தினார். உன் அம்மா, "காலு நீங்க சொன்னபடி ஆடுச்சு. கை என்னோடது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நாமும் போய்விடலாம் என்று கெஞ்சினேன். "ஹவாவைத் தனியா விட்டுட்டு வரமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியில் அக்கம்பக்கத்து நாட்டுப் படைகள் எல்லையில் வந்து நிற்க, பெரியவர் விமானம் ஏறிவிட்டார் என்று ரேடியோவில் கேட்டிருப்பாய். மறுநாள் காலையில் தெம்பா பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து எல்லைவரை வேனில் கொண்டுவிடச் சொன்னார். உன் அம்மா குறுக்கே வந்து, "பக்காரி எங்கே? அதைச் சொல்லிட்டு ஏறுங்க" என்றாள். அந்த மனுஷன் தலையைக் குனிந்து, "சத்தியமா தெரியாதும்மா. மேல கேட்டா என்னையும் லாரியில ஏத்திடுவாங்கன்னு நான் கேக்கவே இல்லை" என்றார். இந்த ஆளுக்கா இத்தனை காலம் பயந்தோம் என்று இருந்தது எனக்கு. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

ஊரே ஆடிப்பாடுகிறது. உன் அம்மா வெளியே போகவில்லை. சிறைகளைத் திறந்தார்கள், வந்தவர்களில் பக்காரி இல்லை. தெம்பா சொன்னதை ஹவாவிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.

பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு. இறைவன் உங்களை எந்தக் குறையுமின்றி வைத்திருக்கட்டும். ஒன்று மறக்காதே: அடுத்த முறை போன் பண்ணும்போது ஹவாவிடமும் பேசு. அவனைப் பற்றி எதுவும் கேட்காதே, சாப்பிட்டாளா என்று மட்டும் கேள்.

உன் அப்பா,
யாங்குபா சாமாதே