யாழ்ப்பாணத்துக்கு வராத ஹாதர்லி

என் அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான கோபத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

போன ஞாயிறு உங்கள் கல்லறைக்கு வந்தேன். பூவை வைத்தேன், காய்ந்த இலையைக் கூட்டினேன், ஒரு வார்த்தை கதைக்காமல் திரும்பிவிட்டேன். கவனித்திருப்பீர்கள். நான் கோபமாக இருந்தால் அடுப்படியில் சட்டி பானைச் சத்தம் கேட்குமே, அதை வைத்தே கண்டுபிடிப்பீர்கள். கல்லறையில் சட்டி பானைக்கு எங்கே போவது? அதுதான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். இங்கே, ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில், நீங்கள் சொல்லும் வெள்ளைக்காரப் பரம்பரைக் கதையைக் கேட்டுத் தலையாட்டாத தமிழர் ஒருவரும் இல்லை. அவர்களுக்கும் இது தெரிய வேண்டியதுதான்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் பேத்தி அனுஷாவுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. பெடியன் பெயர் டேவிட். எர்லாங்கனில் பொறியியலாளர், மழையோ பனியோ சைக்கிளில்தான் வேலைக்குப் போவானாம். அவர்களாகவே சந்தித்து, அவர்களாகவே முடிவெடுத்து, கடைசியில்தான் எங்களுக்குச் சொன்னார்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகள், வேறு எப்படி நடக்கும்? யாருடைய மகன் என்று கேட்க மாட்டீர்களா? ஜீவா மார்ஷலின் மகன். ஓம் அப்பா, அதே ஜீவாதான்.

அனுஷா அந்தப் பெயரைச் சொன்னதும் கையில் இருந்த தேநீரை மெதுவாக மேசையில் வைத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் நானும் ஜீவாவும் கோயில் பாடகர் குழுவில் ஒன்றாகப் பாடினோம். ஒருவரை ஒருவர் விரும்பினோம். அவருடைய தகப்பன் முறையாகப் பெண் கேட்டு வந்தார். நீங்கள் அந்த மனிதரை வாசல் படலையடியிலேயே நிறுத்தி, சரிவராது என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். ஏன் என்று அம்மா கேட்டா. நான் கேட்டேன்.

"சரிவராதெண்டாச் சரிவராது. அந்தக் கதையை விடு."

அவ்வளவுதான் உங்கள் பதில். சாகும்வரை அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

நான் சும்மா விடுகிற ஆளா? என்னைச் சி.ஐ.டி என்று பகிடி பண்ணுவீர்களே. நான் வேலை செய்கிற பேக்கரியில், யூரோ வந்த நாளில் இருந்து ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் பெட்டிக்குள் போடுகிறேன். உங்கள் பதிலையும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாதியோ என்று யோசித்தேன். அவர்கள் எங்கள் வீட்டுப் பந்தியில் எங்களோடு இருந்து சாப்பிட்டவர்கள். சீதனமோ என்று யோசித்தேன். அவர்கள் ஒன்றுமே கேட்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். இது வெறும் வெள்ளைக்காரத் திமிர். உங்கள் ஹாதர்லி பரம்பரைக்கு மார்ஷல் பரம்பரை தரத்தில் காணாது. அந்த எண்ணத்தோடுதான் உங்களுக்கு இவ்வளவு காலமும் சோறு போட்டேன், மருந்து தந்தேன், கடைசியில் கண்ணையும் மூடிவிட்டேன்.

நீங்கள் எனக்குப் பார்த்துக் கட்டித்தந்த மனிதரைக் குறை சொல்ல வரவில்லை. தங்கமான மனுசன், என்னோடு இத்தனை வருடம் இருந்ததற்கே அவருக்குப் பதக்கம் கொடுக்கலாம். என் வழக்கு உங்களோடுதான்.

அந்த வெள்ளைக்காரன் கதையைப் பாருங்கோவன். கப்பலில் வந்த இளம் அதிகாரி ஹாதர்லி பருத்தித்துறையில் காய்ச்சலாய் விழுந்தானாம். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்துக் காப்பாற்றினாளாம். அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டானாம். அவன் வழிதான் நாங்கள். அதற்கு ஆதாரம் உங்கள் நீட்டு மூக்கு. சின்ன வயதிலேயே எனக்குச் சந்தேகம்தான். ஊரில் நீங்கள் சொன்ன கதையில் சாதாரண அதிகாரியாக இருந்த ஹாதர்லி, நாங்கள் ஜேர்மனிக்கு வந்ததும் கப்டன் ஆனார். இரண்டு நத்தார்ப் பண்டிகை கழிய, தேசாதிபதிக்கு நெருங்கின சொந்தக்காரர் ஆகிவிட்டார். செத்தபிறகு இவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு வாங்கின மனிதரை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் ஜேர்மனிக்கு வந்திறங்கிய அன்று ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? அனுஷா என் இடுப்பில் அழுதுகொண்டிருந்தாள். அந்த அதிகாரி உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்தான், உங்கள் முகத்தைப் பார்த்தான், திரும்பவும் பெயரைப் பார்த்தான். கறுத்த மனிதருக்கு ஆங்கிலப் பெயர். கள்ளக் கடவுச்சீட்டு என்று நினைத்திருப்பான். நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆங்கிலத்தில் முழுக் கதையையும் தொடங்கினீர்கள், கப்பல், காய்ச்சல், மல்லித் தண்ணீர் எல்லாம். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. போ என்று கையைக் காட்டினான். கதையை நம்பித்தான் விட்டான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

இனி இந்த வருடம் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் வீட்டுத் தொலைபேசி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. மாற்றுவதற்கு ஓர் அன்ட்ராக், ஒரு விண்ணப்பம், எழுதிப் போட்டால் போதும், இவரும் பலமுறை சொல்லிவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு இங்கிலாந்தில் இருந்து ஒரு கிழவர் அழைப்பெடுத்தார். அவரும் ஒரு ஹாதர்லியாம். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாராம். உலகத்தில் உள்ள ஹாதர்லிமாரைத் தேடிப் பிடித்து, யார் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று ஒழுங்குபடுத்துவதுதான் அவருடைய பொழுதுபோக்காம். இப்படியும் ஒரு பொழுதுபோக்கா? லொத்தர் விழுந்திருக்கிறது என்று ஏமாற்றுகிற ஆட்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். எப்போது வங்கி இலக்கம் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

சித்திரையில் ஆள் நேரிலேயே வந்துவிட்டார். மனைவியின் தங்கை ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாவாம், அவவைப் பார்க்க வந்த இடத்தில் எங்களையும் பார்க்க வேண்டுமாம். நான் கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு முன்னால் இருந்தேன். அனுஷா மொழிபெயர்த்தாள். நான் முதலில் பார்த்தது அவருடைய மூக்கைத்தான் அப்பா. சப்பை மூக்கு.

அவர் சொன்னது இது. ஹாதர்லி என்பது இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில், முட்பற்றைக் காட்டை வெட்டித் திருத்தின இடத்துக்கு விழுந்த பெயராம். அங்கிருந்து வெளியே போய்க் குடியேறியவர்களை அயலூரார் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அது குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. சமயத்தால் பிரச்சினைப்பட்ட காலத்தில் ஒரு கிளை அமெரிக்காவுக்குக் கப்பலேறி, பொஸ்டன் பக்கம் நிலத்தில் கமம் செய்து பெருகியது. அங்கிருந்துதான் இந்தப் பெயர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. பெயர் மட்டும்.

எங்கள் ஊர்களில் அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளிக்கூடம் நடத்திய காலத்தில், ஒரு பிள்ளையின் சாப்பாட்டையும் படிப்பையும் அமெரிக்காவில் யார் பொறுப்பெடுத்தார்களோ, அவர்கள் சொன்ன பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. மற்றக் குடும்பங்களுக்கு அப்படித்தான் பெயர் வந்தது, எங்களுடையது மட்டும் இரத்தத்தில் வந்தது என்று நீங்கள்தானே சொல்வீர்கள். கிழவர் இல்லையென்று தலையை ஆட்டினார். ஹாதர்லி என்று ஒருவரும் இலங்கைக்குக் கப்பலேறவில்லையாம். அமெரிக்காவில் பிள்ளையில்லாத ஒரு விதவை, செத்துப்போன தன் புருசனின் பெயர் எங்கேயாவது ஒரு பிள்ளையில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறா. அந்தப் பிள்ளையின் வழியில் வந்தவர்கள்தான் நாங்கள்.

எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று நினைக்கிறீர்கள்! கடைசியில் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டீர்கள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, எழும்பிப் போய் அந்த மனிதருக்கு இன்னும் இரண்டு பற்றிஸ் பொரித்துக் கொண்டுவந்தேன்.

போகிற நேரம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே அவர் ஒன்று கேட்டார். பொறுப்பெடுத்தவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதால், ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கே வேறு வேறு பெயர் விழுந்திருக்கிறதாம். அப்படி எங்களுக்குச் சொந்தமான வேறு ஆங்கிலப் பெயர்க்காரர் யாரும் உண்டா? அனுஷா சிரித்துக்கொண்டே இல்லை என்றாள். எனக்கோ மார்ஷல் என்ற பெயர்தான் நினைவுக்கு வந்தது.

அன்று பின்னேரமே லண்டனில் இருக்கிற சித்தப்பாவுக்கு எடுத்தேன். உங்கள் தம்பியும் உங்களைப் போலத்தான். நேராக ஒன்றைக் கேட்டால் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லுவார். முழங்கால் முடிந்தது, கொலஸ்ட்ரோல் முடிந்தது. எங்களுக்கும் மார்ஷல் வீட்டாருக்கும் என்ன உறவு என்று நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"அண்ணை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டவர் பிள்ளை," என்றார். "சரி, அவரும் போயிட்டார். எங்கடை பூட்டனும் அவையின்ரை பூட்டனும் கூடப்பிறந்ததுகள். தாய் தகப்பன் வாந்திபேதியிலை போக, ரெண்டு பெடியளையும் மிஷன் விடுதியிலை கொண்டுபோய் விட்டவை. மூத்தவனுக்கு ஹாதர்லி எண்டு வைச்சினம், இளையவனுக்கு மார்ஷல். கப்பலுமில்லை, காய்ச்சலுமில்லை."

முதலில் அனுஷாவை நினைத்துத்தான் பயந்தேன். அண்ணன் தம்பி வழி என்றால் சகோதர முறை அல்லவா? நகரசபையில் பதிவுக்கு நாள் கேட்டு டெர்மின் எடுத்தாயிற்று, அவள் சேலையும் பார்த்துவிட்டாள். அனுஷாவும் டேவிட்டும் கட்டலாமோ என்று கேட்டேன்.

"விசரே உனக்கு? அவள் உன்ரை வயித்துப் பிள்ளை. அவளுக்கு ஜீவாவின்ரை மகன் மச்சான், வடிவாக் கட்டலாம். கட்டக் கூடாதது நீங்கள் ரெண்டு பேரும்தான். ஜீவா உனக்கு அண்ணன் முறை."

தெரிந்திருந்தும் சொல்லவில்லையே அப்பா! அவன் உனக்கு அண்ணன் என்று ஒரு வசனம். நான் ஒரு கிழமை அழுதிருப்பேன், பிறகு வெட்கப்பட்டிருப்பேன், பிறகு நானும் ஜீவாவும் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்திருப்போம். ஆனால் அந்த வசனத்தைச் சொல்ல வேண்டுமென்றால் உங்கள் வெள்ளைக்காரனை நீங்களே கப்பலேற்றி அனுப்ப வேண்டியிருந்திருக்கும். தாய் தகப்பன் இல்லாமல், ஒரு நேரச் சோற்றுக்கும் ஒரு பலகைப் படிப்புக்கும் வேறு யாரோ ஒருவருடைய பெயரைச் சுமந்த இரண்டு சின்னப் பெடியளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அது அவ்வளவு வெட்கமா? உங்கள் கப்டனைவிட எனக்கு அந்தப் பெடியள் மேல்தான் பாசம் வருகிறது.

சில நேரம் வேறு மாதிரியும் சந்தேகம் வருகிறது. அண்ணன் முறையானவரை விரும்பினாள் என்று ஊர் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் என்று பயந்தீர்களா? என்னைக் காப்பாற்றத்தான் கெட்ட பெயரை நீங்கள் எடுத்தீர்களா? இரண்டில் எது? எந்தப் பக்கம் திருப்பினாலும் மற்றப் பக்கம் தெரிகிறது. உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

ஜீவாவிலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. இந்த உறவு அவருக்கும் தெரிந்திருக்குமோ? பழைய அவமானத்துக்குப் பதில் கொடுக்கத்தான் மகனை எங்கள் பக்கம் விட்டாரோ? போன சனிக்கிழமை குடும்பமாக வந்தார்கள். தலைமயிர் கொட்டிவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறார், மரக்கறிதான் சாப்பிடுகிறார். சாப்பாடு முடிய அவரைப் பல்கனிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கேயாவது பொய் தெரிகிறதா என்று.

அவருக்கு ஒன்றும் தெரியாது அப்பா. தன் தகப்பனிடம் காணி பூமி இல்லாததால்தான் நீங்கள் படலையைத் திறக்கவில்லை என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார். அவருடைய தகப்பனும் அப்படி நினைத்துக்கொண்டுதான் செத்திருக்கிறார். உங்களை ஏசப் போகிறார், நானும் சேர்ந்து ஏசலாம் என்று இருந்தேன்.

"பெரியப்பாவை எங்கை அடக்கம் செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

எனக்கு வந்த அழுகையை என் மனுசன் உள்ளே இருந்து கண்டு பயந்துபோய் ஓடிவந்தார். படலையில் நின்று திரும்பிப் போன மனிதரின் பிள்ளை உங்களைப் பெரியப்பா என்கிறார். உங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. உங்கள் பெட்டி இறங்கியபோது முதல் பிடி மண் போட ஒரு மகன் இல்லையே என்று சனம் காதுக்குள் கதைத்தது எனக்கும் கேட்டது. இருந்திருக்கிறார் அப்பா. இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருந்திருக்கிறார். ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

தானும் ஒரு பூ வைக்கலாமோ என்று கேட்டார். ஓம் அண்ணை என்றேன். அவரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இந்த ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு வருவேன், இது வாக்கு. என் கோபம் ஆறிவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் தள்ளி நின்றுகொள்வேன். அவருக்கு உங்களிடம் கேட்க என்ன இருக்கிறதோ தெரியாது. ஆனால் இந்த முறை அவரைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு ஏலாது.

உங்கள் மகளும்
ஜீவா அண்ணையின் தங்கையுமான
ராஜினி