யூசுப் வைத்த சலாம்

2007 ஜூலை 9, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். ஒரு வாளித் துணி துவைத்தாயிற்று.

யூசுப்புக்கு ஏழாம் மாதம். தூங்கி எழுந்ததும் தலை குனிந்து, இரண்டு கையையும் விரித்து மடக்குகிறான். அடுத்தடுத்து, விட்டு விட்டு. நாத்தனார் மும்தாஜுக்கு ஒரே பெருமை, பிள்ளை இப்பவே சலாம் வைக்கிறானாம். இவர் செல்போனில் வீடியோ எடுத்து, தன் தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

எனக்குப் பிடிக்கவில்லை. வைத்து முடித்ததும் அழுகிறான். ஏன் அழணும்? கேட்டால் வாயுவாம்.

வாங்க: கிரைப் வாட்டர், சோப்பு, கறிவேப்பிலை.

11, புதன்
மறுபடி. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை. கிலுகிலுப்பையையும் கண்டுகொள்ளவில்லை. போன மாதம் அதற்காக உருண்டு வந்தவன்.

"ஊரே ரசிக்குது, நீ மட்டும் பயப்படு" என்றார் இவர். நாளைக்கு ஆஸ்பத்திரி போகிறேன், வந்தால் வாங்க என்று சொல்லிவிட்டேன். பாதிச் சோற்றில் எழுந்து போனார்.

12, வியாழன்
கோரிமேடு ஆஸ்பத்திரி. இவரும் வந்தார். வரிசையில் பக்கத்தில் திண்டிவனத்து அம்மா ஒருத்தி. அவள் மகள் பேசிக்கொண்டே இருக்கும்போது வெறித்துப் போவாளாம், கூப்பிட்டால் காதில் விழாதாம். கவனமில்லை என்று டீச்சர் அடித்தாராம். அதுவும் வலிப்பாம். எனக்குத் தெரிந்த வலிப்பு, கீழே விழுந்து கைகால் வெட்டி நுரை தள்ளுவதுதான்.

டாக்டரம்மா முன்னால் இவன் சமத்தாகத் தூங்கினான். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போயிற்று. இவர்தான் போனை நீட்டினார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தார். "இதுவும் வலிப்புதாம்மா. கைக்குழந்தைக்கு இப்படியும் வரும், கொத்துக் கொத்தா. விட்டா மூளை வளர்ச்சியக் கெடுத்துடும். இன்னிக்கே சேத்துடுங்க."

கடைசியாக எப்போது சிரித்தான் என்று கேட்டார். எனக்கு நினைவில்லை.

24, செவ்வாய்
வீட்டுக்கு வந்தாயிற்று. ஊசி தொடர்கிறது. ஊசியால் முகம் உப்பியிருக்கிறது. குனிவது நின்றிருக்கிறது. சிரிப்பு, கவனம் என்று போனதில் எவ்வளவு திரும்பும் என்று போகப் போகத்தான் தெரியுமாம். பயமாகத்தான் இருக்கிறது.

மும்தாஜ் வைத்திக்குப்பத்திலிருந்து மீனோடு வந்தாள். வாசலிலேயே, பழக்கத்தில், "யூசுப்பு, மாமிக்கு சலாம் வை" என்றாள். சொன்ன வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். கோபம் வரவில்லை.

யூசுப் அவள் கண்ணாடி வளையலையே பார்த்தான். கை நீண்டது. எட்டவில்லை.

அவள் கழற்றிக் கொடுக்கப் போனாள். வேண்டாம், அவனே எட்டிப் பிடிக்கட்டும் என்றேன்.