உலக்கையால் அடித்தவள் எழுதியது

வீட்டுக்குக் கரண்டு வந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. நேற்றுக் காலை, குளித்த ஈரத்தோடு விளக்கைப் போடப் போன வீரபாகுவை அது பிடித்துக்கொண்டது. மனைவி சௌந்திரம் பதறினாலும் அவனைத் தொடவில்லை. காய்ந்த உலக்கையை எடுத்து அவன் கையில் ஓங்கி அடித்தாள். உயிர் தப்பியது. ஆனால் பெண்டாட்டியிடம் உலக்கையடி வாங்கினான் என்று தெருவே சிரித்தது. அவன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

இன்று தன் தங்கையின் பிரசவத்துக்காக நாமகிரிப்பேட்டைக்குக் கிளம்புமுன், அவள் ஒரு சீட்டு எழுதிச் சோற்றுச் சட்டிமேல் வைத்தாள்.

"ஏனுங்க, புளிக்கொழம்பு இருக்குது. வயர்மேன் வந்து பாக்கற வரைக்கும் மெயினைப் போடாதீங்க. சிம்னி வெளக்கைத் தொடச்சு வெச்சிருக்கறேன். சுவிச்சுல பொகை வந்தாத் தண்ணி ஊத்தாதீங்க, மணலைப் போடுங்க. ஈரக்கையோட கிட்டப் போவாதீங்க சாமி."

தாளில் இடம் தீர்ந்தது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்: "தொட்டிருந்தா என்னையும் புடிச்சிருக்குமுங்க. ஊரு சிரிச்சுட்டுப் போவட்டும். நீங்க இருக்கறீங்க, எனக்கு அது போதும். ஞாயித்துக்கெழம வாங்க."

ஞாயிற்றுக்கிழமை, கட்டுப் போட்ட கையோடு பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தான் வீரபாகு. வாசலில் நின்றவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "அத்தனை ஓங்கி அடிச்சியே, உன் கை வலிக்கலியா?"