துடைத்த கை

அக்கா,

குழம்புக்கு மஞ்சள்தூள் எடுக்கப் போன கை இன்றும் தயங்கி நின்றது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நீ கண்ணை மூடியபிறகு உன் மகள் தேன்மொழி என்னோடுதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் சிறுவர் பக்கத்தை அவளோடு உட்கார்ந்து படிப்பாயே. அறிவியல் செய்முறை வந்துவிட்டால் உனக்குத்தான் கொண்டாட்டம். அடுப்படியிலிருந்து ஓடிவந்து, விளைவைச் சொல்லும் கடைசிப் பத்தியைக் கையால் மூடிக்கொள்வாய். "படிக்காதடி, என்னா ஆவும்னு நீயே சொல்லு பாக்கலாம்!" சரியான விடையைவிட அவள் உளறுவதைக் கேட்பதில்தான் உனக்கு ஆசை.

நீ கடைசியாக மூடிய பக்கத்தை அவள் பாடப்புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். சமையல் கையோடு மூடியதால் உன் விரல்கள் மஞ்சளாகப் பதிந்திருந்தன. போன வாரம் அதை எடுத்துவந்து, "ஸ்கூல்ல புராஜெக்ட் கேட்டுக்கினு இருக்காங்க, இதப் படிச்சுக் காட்டு சித்தி" என்றாள்.

அவள் பென்சில் எடுக்கப் போனாள். நானோ பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில் நாளெல்லாம் சேலையை விரித்துக் கறை தேடுகிறவள். என் கண்ணுக்கு உன் கை தெரியவில்லை, கறைதான் தெரிந்தது. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன்.

மஞ்சள் குங்குமமாகச் சிவந்து இழுபட்டது.

"ஐயோ, அது அம்மா கை!"

பாவி நான், பார்த்துத் துடைத்திருக்கக் கூடாதா? அழுது ஓய்ந்தபிறகு அவளே கேட்டாள்.

"ஏன் சித்தி செவந்துச்சு?"

அந்தப் பக்கத்துச் செய்முறையே மஞ்சளும் சோப்பும்தான்; விடை கடைசிப் பத்தியிலேயே இருந்தது. படித்துச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் என் கை தானாகப் போய் அதை மூடிக்கொண்டது.

"நீயே சொல்லும்மா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "சோப்புதான் பண்ணியிருக்குது. எலுமிச்சம்பழம் புழிஞ்சா திரும்பி வந்துடுமா?"

அது அந்தக் கட்டுரையில் எங்கேயும் இல்லை. பிழிந்து பார்த்தோம். சிவப்பு மெல்ல மறைந்து மஞ்சள் திரும்பியது. அவள் குனிந்து உன் விரல்களைத் தேடினாள். அவை திரும்பவில்லை, அக்கா.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான்தான் கடைசிப் பத்தியை மூடுகிறேன். விடை சொல்லும் முன் அவள் என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்க்கிறாள். உன் விரல்களைத் துடைத்து அழித்ததும் இதே கைதான்.