ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி

டிசம்பர் 8, திங்கள்

காலையில் பயங்கரப் பனி. ஆலத்தியூர் ரோட்டில் எதிரே வரும் லாரிகூடத் தெரியவில்லை. ஏ ஷிஃப்ட், ஐந்தரைக்கே கிளம்பல். பேக்கிங்கில் ஒரு மெஷின் படுத்துவிட்டது. சிமெண்ட் மூட்டை தேங்கி, சூப்பர்வைசர் கத்தி, ரெண்டு மணிக்குத்தான் மூச்சு விட்டேன்.

ஏழரைக்கு மலர் கூப்பிட்டாள். குவைத்தில் அப்போது சாயங்காலம் ஐந்து. ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைத்து முடித்து ரூமுக்கு வரும் நேரம். வழக்கம்போலக் கட் பண்ணிவிட்டு நானே கூப்பிட்டேன். கூப்பிடுகிறவருக்குத்தானே செலவு. சம்சாரம் குவைத் போன நாளிலிருந்து இதுதான் நடைமுறை.

வீடியோவில் முகம் வந்தது. அப்புறம் கட்டம் கட்டமாக உடைந்தது. "என்னங்க, சாப்ட்…" அத்தோடு சரி. மெசேஜ்: இன்றைய டேட்டா தீர்ந்தது. ஒன்றரை ஜிபி, யார் தின்றது? ஸ்மார்ட்போனை பிளாண்டுக்குள் விடமாட்டார்கள். நான் கொண்டுபோவது பட்டன் போன். இது வீட்டில்தான் கிடக்கிறது.

மலர் பொங்கலுக்கு வருவதற்குள் முடிக்க வேண்டியவை: பாத்ரூம் டைல்ஸ். அடுப்படிக் குழாய் ஒழுகல். கட்டில் ஆட்டம். என் தொப்பை.

ஒரு நல்ல விஷயம். மகள் யாழினி இப்போதெல்லாம் தானே சடை பின்னிக்கொள்கிறாள். ரெட்டைச் சடை, நேர் வகிடு, கச்சிதம். பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவைக் காலையில் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஆறாவது படிக்கிறவளுக்கு இந்தச் சமர்த்து போதும்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஷிஃப்ட் முடிந்து பெரம்பலூர். டைல்ஸ் பார்த்தேன். கடைக்காரர் வெள்ளை எடுக்கச் சொன்னார். மலருக்கு வெள்ளை பிடிக்காது, தேய்த்துத் தேய்த்து மாளாது என்பாள். அங்கே தினமும் தேய்ப்பது வெள்ளைத் தரைதான். இளம்பச்சை எடுத்தேன். பஸ்ஸில் மடியில் ஒரு சாம்பிள் டைல். திருமணத்துக்குப் புடவை எடுத்துவந்த நாள்கூட இவ்வளவு குஷி இல்லை.

வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே மெசேஜ். இன்றைக்கு மலர் முகமே வரவில்லை. குரல் மட்டும், அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து. எனக்குப் பொறுக்கவில்லை. யாழினியைக் கூப்பிட்டேன்.

"கேம் ஆடுறியா?"

"இல்லப்பா."

"பின்ன பேயா வந்து பாக்குது?"

தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியென்றால் இவள்தான். நாள் முழுக்க அந்த ஒரு முகத்துக்காகத்தான் இருக்கிறேன், அதையும் கேம் ஆடித் தீர்த்தால்? கண்டபடி திட்டிவிட்டேன். போன் பீரோவுக்குள். சாவி என் பையில்.

டிசம்பர் 10, புதன்

பனி குறைவு. தொண்டை கரகரப்பு.

சாயங்காலம் பீரோவைத் திறந்து பார்த்தேன். டேட்டா அப்படியே இருக்கிறது. பிடித்துவிட்டேன் திருடியை.

வீடியோ கால் கண்ணாடி மாதிரி தெளிவு. மலர் மூக்குத்தி மின்னுவதுகூடத் தெரிந்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கன்னத்தைத் தொட்டுப் பார்க்கக் கை போனது, கண்ணாடிதான் பட்டது. பைத்தியக்காரன்.

"டிக்கெட் போட்டுட்டியா?"

"பாக்கலாங்க."

"என்ன பாக்கலாம்? பொங்கல் நெருங்குதுல்ல?"

"பாக்கலாங்க. பாப்பா எங்க?"

யாழினி வந்து நின்றாள். "ஏண்டி, சடை ஏன் இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு?" என்று மலர் கேட்டாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். வலது பக்கம் அவிழ்ந்து தொங்குகிறது, வகிடு பாம்பு போல. செல்வி அக்கா கூப்பிட்டும் போகவில்லையாம். யாழினி அழுதாள். போன் பிடுங்கின கோபம் என்று மலரிடம் சொன்னேன். மலர் என்னைத் திட்டினாள். திட்டுவது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. திட்டட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

மனசு கேட்கவில்லை, காலையில் போனை வெளியே வைத்துவிட்டுப் போனேன். ரெண்டரைக்கு வந்து பார்த்தால் முக்கால்வாசி காலி. அப்படியே எடுத்துக்கொண்டு அரியலூர், பாயின் மொபைல் கடை. கம்பெனிக்காரன்தான் கணக்கில் ஏமாற்றுகிறான் என்று சண்டைக்குத் தயாராகப் போனேன்.

பாய் ஒரு நிமிஷம் நோண்டினார்.

"அவன் ஏமாத்தலண்ணே. எந்த ஆப் எவ்வளவு தின்னுச்சுன்னு உங்க போன்லயே இருக்கு. பாருங்க, வீடியோ கால் ரெண்டாவதுதான். மொதல்ல நிக்கறது போட்டோ ஆப். இதுல யாரு அக்கவுண்ட் இருக்கு?"

"சம்சாரத்தோடது. அது போன்தான். வெளிநாடு போறப்ப என்கிட்ட குடுத்துட்டுப் போச்சு."

"அங்க புதுப் போன்லயும் அதே அக்கவுண்டா? அப்ப அவங்க அங்க எடுக்கற போட்டோ, வீடியோ எல்லாம் இதுலயும் தெரியும். சும்மா தெரியறதுக்கு இவ்வளவு ஆவாது. யாரோ தொறந்து பாக்குறாங்க. அதுவும் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவ ஓட்டும்போதும் புதுசாத்தான் கணக்கு ஏறும்."

பேச்சோடு பேச்சாக, அவள் கூப்பிட்டால் நான் கட் பண்ணுவதையும் சொன்னேன். பாய் சிரித்துவிட்டார். "அது பழைய மிஸ்டு கால் கணக்குண்ணே. நெட்டுல யாரு கூப்பிட்டாலும் ரெண்டு பக்கமும்தான் ஓடும். அவங்க அனுப்பறது அவங்களுக்கு, நீங்க வாங்கறது உங்களுக்கு."

இத்தனை நாளும் அவள் கூப்பிட்டதை எல்லாம் கட் பண்ணியிருக்கிறேன். அவள் கூப்பிட்டு நான் எடுக்கும் அந்த ஒரு சந்தோஷத்தை வீணாக்கியிருக்கிறேன். முட்டாள்.

பஸ்ஸிலேயே ஆப்பைத் திறந்தேன். குட்டிக் குட்டியாக அவள் ரூம், ஜன்னல், கட்டில். கடைசியில் நீளமான ஒரு வீடியோ. தொட்டேன். வட்டம் சுற்றியது, சுற்றியது. மெசேஜ் வந்துவிட்டது. இனி நாளைய ஒன்றரை ஜிபி வந்தால்தான். குட்டிப் படத்தில் அவள் வாய் திறந்தபடி, ஏதோ சொல்லத் தொடங்கினபடி. கால் வேண்டாம், தலைவலி என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

வீக்லி ஆஃப். விடிவதற்கு முன் எழுந்து, கொல்லைப்பக்கம் உட்கார்ந்து பார்த்தேன்.

மலர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். "என்னங்க… பொங்கலுக்கு வரேன்னு சொன்னேன்ல. வர முடியாதுங்க. இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். மாடி கட்டறதுக்கு விட்ட கம்பி அப்படியே நீட்டிக்கிட்டு நிக்குதே, அதான்…" நிறுத்துகிறாள். "சே." முகம் துடைத்து மறுபடியும். "என்னங்க, கோவிச்சுக்காதீங்க." நிறுத்துகிறாள். மூன்றாவது தடவை "என்னங்க" மட்டும்.

அப்புறம் போனை அணைக்க மறந்துவிட்டாள். முடியை அவிழ்த்து, சிக்கெடுத்து, எண்ணெய் தொட்டு, மெதுவாகப் பின்னுகிறாள். முன்பக்கம் இழுத்துப் போட்டு நுனிவரை பின்னுகிறாள். ஏதோ முணுமுணுக்கிறாள். நான் பார்க்கிறேன் என்று தெரியாத மலர். அவளை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. சுவரில் சாய்த்து வைத்த பச்சை டைலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வாய்விட்டு அழுதேன்.

யாழினி எழுந்து வந்தாள். என் கையிலிருந்த போனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இத வச்சுத்தான் சடை பின்னுறியா?"

"ம். ஒரு பக்கத்துக்கு ஒரு தடவ, இன்னொரு பக்கத்துக்கு இன்னொரு தடவ."

"அம்மா வரலன்னு தெரியுமா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க டைல்ஸ் வாங்கறதப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தீங்க."

பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டேன். ஸ்கூலுக்கு நேரமாகிறது என்றாள். அரையாண்டுப் பரீட்சை. வீடியோவை ஓட்டிப் பிடித்தேன், அவள் பின்னினாள். பின்கழுத்தில் எப்படி ஆரம்பிப்பது என்பது மட்டும் வீடியோவில் தெரியாதாம், அம்மா தலை மறைக்கிறதாம். அந்த இடத்தில் மட்டும் குத்துமதிப்பு.

சாயங்காலம் கால் எடுக்கவில்லை. என்ன பேச.

டிசம்பர் 13, சனி

தூறல். மார்கழி பிறக்கும் முன்பே குளிர்.

காலையில் அந்த வீடியோவைப் போனிலேயே இறக்கி வைத்தேன். ஒரு தடவை இறக்கிவிட்டால் எத்தனை தடவை பார்த்தாலும் டேட்டா போகாது என்று பாய் போனில் சொல்லித்தந்தார். இடம் போதவில்லை. குட் மார்னிங் வீடியோக்கள், பிளாண்ட் குரூப் படங்கள், பக்கத்து ஊர்த் தேர், எல்லாம் அழித்தேன். டைல்ஸ்காரர் எப்போது லோடு அனுப்பட்டும் என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். ஒரு வருஷம் கழித்து வந்தாலும் பாத்ரூம் வேண்டும்தானே.

ஏழரைக்கு மலர் கூப்பிட்டாள். கட் பண்ணவில்லை. எடுத்தேன்.

"என்னங்க, அதிசயமா எடுத்துட்டீங்க?"

"சும்மாதான்."

"தலைவலி விட்டுச்சா?"

"விட்டுருச்சு."

டிக்கெட்டைப் பற்றிக் கேட்பேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை. அவளே ஆரம்பித்தாள். "பொங்கலுக்கு… பாக்கலாங்க…"

"மலரு, அடுத்த தடவ முடி பின்னும்போது கொஞ்சம் திரும்பி உக்காந்து பின்னு. பின்னால எப்படி ஆரம்பிக்கறேன்னு பாப்பாவுக்குத் தெரியலயாம்."

படம் நின்றுவிட்டது. சத்தமும் இல்லை. மறுபடியும் தீர்ந்துவிட்டதா என்று டேட்டாவைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. அவள்தான் அசையாமல் இருந்தாள்.