குமிழ்ப் பெட்டிக்குள் நீங்கள் வைத்தது

நேற்று, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணிக்குக் காது மருத்துவர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். கட்டம் போட்ட தாள். இடக்காதுக்கு நீலக்கோடு, வலக்காதுக்குச் சிவப்புக்கோடு. இரண்டும் மெல்லச் சரிந்து இறங்கின. தொலைக்காட்சியின் சத்தத்தை நான் அதிகம் கூட்டிவைக்கிறேன் என்று குறைபட்டு, மகள்தான் என்னை அங்கே அழைத்துப் போயிருந்தாள்.

"ஐயா எங்கீங்க வேலை பார்த்தீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஸ்பின்னிங் மில்லுலீங்க. முப்பத்தொரு வருசம்."

அவர் தாளைத் திரும்ப வாங்கி இன்னொரு முறை பார்த்தார். "மில்லுச் சத்தத்துல அடிபட்ட காதுன்னா கோடு இந்த இடத்துல குழி விழுந்திருக்குமுங்க. உங்களுக்கு அப்படி ஒண்ணையுங் காணோம். இது வெறும் வயசுதானுங்க."

மகள் நிம்மதியாகச் சிரித்தாள். எனக்கு உங்கள் நினைவு வந்தது. நீங்கள் மறைந்தபோது எனக்கு வராத துக்கம், நேற்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கையில் வந்தது: இந்தத் தாளை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்ட முடியாமல் போயிற்றே!

உங்களுக்கு எழுதும்போது தேதிகளில் தவறு நேரக்கூடாது. 1993 முதல், கோயம்புத்தூரில் உயர்ந்த ரக சி.டி. பிளேயர் வாங்க நினைத்தவர்கள் இருவரைக் கேட்காமல் வாங்கியதில்லை. ஒருவர், கணபதியில் மோட்டார் பம்பு ஃபவுண்டரி வைத்திருந்த நீங்கள். மற்றவன், மில்லின் நூல் சோதனைக்கூடத்தில் இருந்த நான். சாய்பாபா காலனியில் உங்கள் வீட்டு மாடியறையில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஆறு பேர் கூடுவோம். எதிரொலியை அடக்குவதற்காகச் சென்னிமலைப் படுக்கை விரிப்புகளை நான்காக மடித்துச் சுவரெங்கும் தொங்கவிட்டிருந்தீர்கள். எவர்சில்வர் டம்ளருக்கு அந்த அறையில் அனுமதியில்லை. "அதுவும் கூடச் சேந்து பாடுமுங்க" என்பீர்கள். காப்பியைப் படிக்கட்டிலேயே நின்று குடித்துவிட்டு உள்ளே வருவோம். அந்த அறையை நான் எவ்வளவு நேசித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தீர்கள்.

1996, ஜூலை 14. உங்களிடம் ஓர் ஆங்கிலேயத் தயாரிப்பு. தூக்க இரண்டு பேர் வேண்டும். என்னிடம், அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் வந்து சேர்ந்த ஜப்பானியத் தயாரிப்பு. இரண்டில் எது மேல் என்பதை அன்று தீர்மானிப்பது என்று பேச்சு. ஒரே ஆம்பிளிஃபயரில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பதற்கென்று நீங்களே ஃபவுண்டரியில் ஓர் இரும்புப் பெட்டி செய்திருந்தீர்கள். பின்புறம் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட இணைப்புத் துளைகள். முன்புறம் ஒரு குமிழ். குமிழை இடப்பக்கம் திருப்பினால் ஒன்றாம் துளை, வலப்பக்கம் திருப்பினால் இரண்டாம் துளை. உங்களுடையதை ஒன்றில் மாட்டினீர்கள், என்னுடையதை இரண்டில்.

ஒரே வயலின் ஆலாபனையின் இரண்டு குறுந்தட்டுகள் ஒன்றாக ஓடின. பின்னணியில் தம்புரா. நீங்கள் குமிழைத் திருப்பத் திருப்ப, கோட்டைமேட்டில் கண்ணாடிக் கடை வைத்திருந்த பாய் தலையை ஆட்டினார். இயற்பியல் பேராசிரியர் கண்களை மூடிக்கொண்டார். நான்கு பேரும் உங்களுடையதையே தேர்ந்தார்கள். வில்லின் உராய்வு நன்றாகத் தெரிகிறதாம், தம்புரா அறையை நிறைக்கிறதாம்.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். "என்ற பிளேயரோட அளவு ஒரு இம்மி தாழ்ந்து வருதுங்க. சத்தம் தாழ்ந்தா எதுவும் மட்டமாத்தான் கேக்கும். மீட்டர் வெச்சு ரெண்டையும் சமமாக்கிப்போட்டு அப்புறம் கேக்கலாமுங்க."

நீங்கள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தீர்கள். "ஏனுங்க லேப்காரரே, முப்பது வருசமா மில்லு ஸ்பிண்டல் சத்தத்துல கெடந்த காதுங்க அது. அதுக்குத் தம்புராவே கேக்காது, இம்மி எங்கிருந்துங்க கேக்கும்?"

பாய்கூடச் சிரித்தார்.

நான் பணியாற்றியது கதவடைத்த, குளிரூட்டிய சோதனைக்கூடம் என்பதும், நூற்புக் கூடத்துக்குப் போகும்போதெல்லாம் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் போவேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பஞ்சைக் காதிலிருந்து எடுத்துக் காட்டி உங்களிடமே ஒருமுறை பெருமை பேசியிருக்கிறேன். ஆனால் நாலு பேர் சிரித்துவிட்ட பிறகு விளக்கம் சொல்கிறவன் இன்னும் கேலிக்குரியவனாகிறான். அந்த வாரத்திலிருந்து எவரும் என் வீட்டுக் கதவைத் தட்டி, எந்தப் பிளேயர் வாங்கலாம் என்று கேட்கவில்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் காதை நானே சந்தேகிக்கத் தொடங்கினேன். சோதனைக்கூடத்துக் கடிகாரத்தின் டிக்கை எத்தனை அடி தொலைவிலிருந்து கேட்கிறது என்று தினமும் அளந்து பார்த்தேன். செப்டம்பரில் என் பிளேயரைப் பொள்ளாச்சிக்காரர் ஒருவருக்கு விற்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு என் வீட்டில் பாட்டில்லை.

1998, அக்டோபர் 28, புதன்கிழமை. பாய் உங்கள் பெட்டியோடு வந்தார். இரண்டு டேப் டெக்குகளை ஒப்பிட இரவல் வாங்கினாராம், குமிழ் இறுகிக்கொண்டதாம். "உங்க கைக்குத்தான் இது சரிப்படும், அண்ணே. அவருக்குத் தெரிஞ்சா என்னையக் கொன்னுபோடுவாரு" என்றார். அவரை அனுப்பிவிட்டு மூடியைத் திறந்தேன். இரண்டாம் துளையிலிருந்து வரும் இரண்டு கம்பிகளின் நடுவிலும், சத்தத்தைத் தாழ்த்தும் சிறு மின்தடை ஒவ்வொன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒன்றாம் துளையில் ஒன்றுமில்லை. நான் சொன்ன அதே இம்மி. அந்த அறையில் உண்மையைக் கேட்டது என் காது ஒன்றுதான்; அதைத்தான் நீங்கள் செவிடு என்றீர்கள்.

அழவில்லை. கோபத்தில் கத்தவும் இல்லை. பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினேன். இரண்டு மின்தடைகளையும் பிரித்தெடுத்து ஒன்றாம் துளைக்கு மாற்றினேன். குமிழுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். மறுநாள் பெட்டி பாயிடம் போய், அவரிடமிருந்து உங்களிடம் வந்து சேர்ந்தது.

நவம்பர் 8, ஞாயிறு. பேராசிரியர் புதிதாக வாங்கிய பிளேயரை உங்களுடையதோடு ஒப்பிடும் நாள் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து உங்கள் மாடிப்படி ஏறினேன். "வாங்க வாங்க, லேப்காரரு காது வைத்தியம் பாத்துட்டு வந்திருக்காருங்க" என்று வரவேற்றீர்கள். வழக்கம்போல் உங்களுடையதை ஒன்றில் மாட்டினீர்கள்.

முதல் முறை குமிழைத் திருப்பியதும் உங்கள் புருவம் நெரிந்தது. இரண்டாம் முறை திருப்பினீர்கள். மூன்றாம் முறை திருப்பிவிட்டுக் குமிழிலிருந்து கையை எடுக்காமலே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை இன்னும் என்னால் ஒவ்வோர் இழையாகப் பிரித்துச் சொல்ல முடியும். பேராசிரியருடையதுதான் மேல் என்று பாய் சொன்னார், மற்றவர்களும் சொன்னார்கள். பெட்டியில் ஏதோ கோளாறு என்று சொல்ல உங்களுக்கு வாயில்லை. சொன்னால் திறக்க வேண்டும்.

நான் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னேன். "ஃபவுண்டரிச் சத்தம் காதுக்கு ஆகாதுங்க. பாத்துக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். இந்த வயதிலும் தூக்கம் வராத போது அதை எடுத்துக் கேட்கிறேன்.

எல்லோரும் போன பிறகு வெளிவாசல் வரை வந்தீர்கள். கையில் பெட்டி இருந்தது.

"எந்த மதிப்புத் தடைங்க போட்டீங்க?"

"நீங்க போட்டதேதானுங்க."

பிறகு பெட்டியை என் கையில் வைத்து, "இத நீங்களே வெச்சுக்கங்க" என்றீர்கள். தோற்றவன் ஆயுதத்தை ஒப்படைக்கிறான் என்று எண்ணி அதை வாங்கிக்கொண்டு, பேருந்தில் மடியில் வைத்தபடி வீடு வந்தேன். அந்த ஞாயிறுக்குப் பின் நீங்கள் எவரையும் மாடிக்குக் கூப்பிடவில்லை.

2009 மார்ச்சில் உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தேன். உங்கள் மனைவி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "அண்ணா, உங்களப் பத்தி அவரு பேசாத நாளில்லீங்க. இந்த ஊருல காதுன்னா அது ஒண்ணுதான், அந்த லேப்காரரு காதுதான்னு சொல்லிச் சொல்லி மாஞ்சுபோவாருங்க."

அவர் கொண்டுவந்த காப்பியைத் தொடாமல் எழுந்துவிட்டேன். அந்த அம்மாளுக்கு அது ஏனென்று புரிந்திருக்காது. நீங்கள் பறித்துக்கொண்டதை எனக்குத் திருப்பித் தர ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதை உங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பதின்மூன்று ஆண்டுகள் செலவழித்திருக்கிறீர்கள். அந்த நால்வரின் காதில் விழும்படி ஒருமுறை சொல்லியிருந்தால், உங்கள் பிணத்தின் முன்னால் நான் மனிதனைப் போல் அழுதிருப்பேன்.

அன்று மாலையே பாயையும் பேராசிரியரையும் அழைத்து, பெட்டியைத் திறந்துகாட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பெட்டியை மேசைமேல் வைத்து மூடியைக் கழற்றினேன். அப்போதுதான் உறைத்தது. மின்தடைகள் இருந்தது ஒன்றாம் துளையில், உங்களுடைய பிளேயர் மாட்டப்படும் துளையில். பற்றவைத்த கை என்னுடையது. அந்த மழுங்கலான ஈயப் பொட்டு என் வேலை என்று பாய்க்குத் தெரியும். இரண்டாம் துளையில் நீங்கள் வைத்ததற்கு அடையாளமே இல்லை. அதை அவ்வளவு சுத்தமாகத் துடைத்தவனும் நான். இதையெல்லாம் வெளிவாசலிலேயே கணக்குப் போட்டுத்தான் பெட்டியை என் கையில் தந்தீர்களா?

பாயும் இப்போது இல்லை. பேராசிரியர் மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். 1996 ஜூலையில் என் காது செவிடென்றே இன்றும் நம்பிக்கொண்டிருப்பார். நீங்கள் எனக்குச் செய்தது உண்மைதான் என்பதற்கு இந்த உலகில் மிஞ்சியிருப்பது என் கோபம் ஒன்றுதான். வேறு சான்று இல்லாதவன் அதைக் கீழே வைக்க முடியாது. குறையாமல், துருவேறாமல் பார்த்துக்கொள்கிறேன்.